உரிமையாளரே கழற்றிப் பூட்டிய லொறிகள்



கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள். இம்முறை அமெரிக்காவின் பழைய வேலை லொறிகளின் வரலாறு. வாகனப் பிரியர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். இதற்குள்ளே பிள்ளைகளின் படிப்பும் இருக்கிறது.

1940களிலும் 1950களிலும் செய்த ஃபோர்ட், செவர்லே, டொட்ஜ், இன்டர்நெஷனல் லொறிகள் அமெரிக்கக் கிராமங்களில் இன்றும் ஓடுகின்றன. நம் ஊரில் கெப் என்கிறோமே, அதன் மூத்த தலைமுறை இவை. எழுபது வருடம் தாண்டியும் இவை எப்படி ஓடுகின்றன என்று கேட்டால், "அந்தக் காலத்து இரும்பு கெட்டி" என்பார்கள். அது பாதிப் பதில்தான். இந்த லொறிகள் அடிக்கடி பழுதாகின. பழுதானால் திருத்தத் தெரிந்த ஆள் அதே வீட்டில் இருந்தார் என்பதுதான் மீதிப் பதில்.

ஆரம்பத்தில் இருந்து வருவோம். ஹென்றி ஃபோர்ட் 1908இல் மொடல் டீ காரைக் கொண்டு வந்தார். 1917இல் அதே குடும்பத்தில் ஒரு தொன் ஏற்றக்கூடிய மொடல் டீடீ லொறி வந்தது. முதல் சில வருடங்கள் கம்பனி விற்றது சட்டகத்தையும் எஞ்சினையும் மட்டுமே. பெட்டியை வாங்கியவர்தான் கட்டிக்கொள்ள வேண்டும். விவசாயி பலகை அடித்தார், கடைக்காரர் கூரை போட்டார். 1925இல்தான் பின்பெட்டியோடு தொழிற்சாலையிலேயே முழுதாகச் செய்த பிக்கப்பை ஃபோர்ட் விற்றது. விலை 281 டொலர். ஆக, அமெரிக்க விவசாயி லொறியை வாங்கிய முதல் நாளே கையில் சுத்தியலும் ஸ்பானரும் எடுத்தவர்.

அந்த வண்டிகளில் ஓடியவர்களின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வரும் சில விஷயங்கள் உண்டு. மொடல் டீயில் பெட்ரோல் பம்ப் கிடையாது. தாங்கி உயரத்தில் இருக்கும், பெட்ரோல் தானாக வடிந்து எஞ்சினுக்கு வரும். தாங்கியில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான ஏற்றத்தில் போனால் எஞ்சின் தாங்கியைவிட மேலே போய்விடும், பெட்ரோல் வராது. அப்போது வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் மலை ஏறினார்கள்!

பின்னால் வந்த லொறிகளில் வைப்பர் ஓடியது மின்சாரத்தில் அல்ல, எஞ்சினின் உறிஞ்சும் விசையில். மழையில் ஏற்றம் ஏறும்போது எக்ஸிலேட்டரை மிதித்தால் அந்த விசை குறையும். கண்ணாடி தெளிவாகத் தெரிய வேண்டிய அந்த நேரத்தில்தான் வைப்பர் நின்றுபோகும். கடும் வெயிலில் குழாய்க்குள் பெட்ரோல் கொதித்து ஆவியாகி வண்டி நின்றுவிடும். அதற்கு மருந்தாக, உடுப்புக் காயப்போடும் மரக் கிளிப்புகளைப் பெட்ரோல் குழாயில் வரிசையாகக் குத்திவிடுவார்கள். அது உண்மையிலேயே வேலை செய்ததா என்ற வாக்குவாதம் இன்னும் முடியவில்லை.

இனி எஞ்சினுக்கு வருவோம். செவர்லே 1929இல் கொண்டு வந்த ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு மக்கள் வைத்த செல்லப்பெயர் ஸ்டோவ்போல்ட். வீட்டு அடுப்பில் பூட்டும் போல்ட்டைப் போன்றவை அதில் இருந்ததால் அந்தப் பெயர். அந்த வழியில் வந்த பழைய எஞ்சின்களில் பெயரிங் தேய்ந்து சத்தம் வந்தால் புது எஞ்சின் தேட வேண்டியதில்லை. அடியில் உள்ள எண்ணெய்ச் சட்டியைக் கழற்றி, பெயரிங் மூடிக்கு இடையில் இருக்கும் மெல்லிய தகடுகளில் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி இறுக்கினால் இடைவெளி குறையும், சத்தம் அடங்கும். எஞ்சின் தேயும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்து, தேய்ந்தால் சரிசெய்யும் வழியையும் செய்தவர்களே அதற்குள் வைத்திருந்தார்கள். போனட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கை போக இடம் இருந்தது.

ஆனால், கை போக இடம் இருந்தால் மட்டும் போதுமா? அந்தக் கைக்குத் தெரிந்திருக்கவும் வேண்டுமே. இங்கேதான் பள்ளிக்கூடம் வருகிறது.

1917இல் அமெரிக்காவில் ஸ்மித் ஹியூஸ் சட்டம் நிறைவேறியது. பாடசாலைகளில் விவசாயம், கைத்தொழில், மனையியல் ஆகியவற்றைக் கற்பிக்க மத்திய அரசு பணம் கொடுத்தது. கிராமப்புற உயர்பாடசாலைகளில் விவசாய வகுப்போடு ஒரு பட்டறையும் வந்தது. பகலில் கணிதமும் இலக்கணமும் படித்த பிள்ளை அதே கட்டடத்தில் வெல்டிங்கும் எஞ்சின் வேலையும் படித்தான். 1928இல் கன்சாஸ் சிட்டியில் விவசாய மாணவர்களுக்கென்று தேசிய அமைப்பு ஒன்று உருவானது. இனப்பாகுபாடு இருந்த காலம் அது. தென் மாநிலங்களின் கறுப்பின மாணவர்கள் 1935இல் தனி அமைப்பு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டும் ஒன்றானது 1965இல்தான். அறிவைப் பங்கு போடுவதிலும் நிறம் பார்த்தார்கள் என்பதை மறந்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது.

அந்த அறிவுக்குப் பெரிய பரீட்சை இரண்டாம் உலக யுத்தத்தில் வந்தது. 1942இன் தொடக்கத்தில் பொதுமக்களுக்கான வாகன உற்பத்தி நிறுத்தப்பட்டது. தொழிற்சாலைகள் யுத்தத்துக்குப் போயின. டயருக்குப் பங்கீடு வந்தது. ஜப்பான் மலாயாவையும் டச்சு கிழக்கிந்தியத் தீவுகளையும் பிடித்ததால், அமெரிக்காவுக்கு இயற்கை இறப்பர் வந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டுப் போனது. இந்த இடத்தில் நம் நாடும் கதைக்குள் வருகிறது. நேச நாடுகளின் கையில் மிஞ்சிய இயற்கை இறப்பரில் பெரும் பங்கு இலங்கையில் இருந்தே போனது. மரம் தாங்குமா என்று பாராமல் இங்கே பால் வெட்டினார்கள். அங்கே டயர் தேயாமல் இருக்க நாடு முழுவதும் வேகம் மணிக்கு 35 மைலாகக் குறைக்கப்பட்டது.

புது லொறி இல்லை, டயர் இல்லை. ஆனால் அறுவடை நிற்கவில்லை. இருந்த பழைய லொறியை ஓட வைத்தவர்கள் வீட்டில் இருந்த வயதானவர்களும் பெண்களும் பாடசாலைப் பிள்ளைகளும்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு நம் ஊர்க் கராஜ்களில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பத்து வருடம் ஓடிய வண்டிக்கு இன்னும் பத்து வருட ஆயுள் கொடுத்தவர்கள் நம் பாஸ்மார்.

யுத்தகளத்திலும் இதே கதைதான். ஜீஎம்சி கம்பனியின் இரண்டரைத் தொன் இராணுவ லொறிகள் மட்டும் 5 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. 1944 ஓகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை, பிரான்ஸில் முன்னேறிய படைகளுக்குப் பெட்ரோலும் உணவும் கொண்டுபோன ரெட் போல் எக்ஸ்பிரஸ் என்ற லொறித் தொடர் ஓடியது. உச்ச நாட்களில் கிட்டத்தட்ட 6,000 வாகனங்கள் நாளொன்றுக்கு 12,500 தொன் வரை ஏற்றின. அதில் ஓடியவர்களில் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பின வீரர்கள். துப்பாக்கி பிடிக்கும் படைகளில் பெரும்பாலும் சேர்க்கப்படாதவர்களின் கையில்தான் அந்தப் படைகளின் உயிர்நாடி இருந்தது.

யுத்தம் முடிந்து வந்தவர்கள் அதே மாதிரி லொறி கேட்டார்கள். டொட்ஜ் 1946இல் இராணுவ லொறியின் வழியிலேயே பவர் வேகன் என்ற வாகனத்தை விற்றது. 94 குதிரைவலு மட்டுமே. ஆனால் எஞ்சின் விசையை வெளியே எடுத்து மரம் இழுக்கவும் அரிவாலை ஓட்டவும் முடிந்தது. 1947இல் செவர்லேயின் புது வரிசையும், 1948 மொடலாக ஃபோர்ட்டின் எஃப் வரிசையும் வந்தன. இன்று ஆசையோடு புதுப்பிக்கப்படும் லொறிகளில் பல இவைதான்.

பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த லொறிகளில் சீட் பெல்ட் இல்லை. பிரேக் குழாய் ஒன்றே ஒன்றுதான், அது வெடித்தால் நான்கு சில்லுக்கும் பிரேக் இல்லை. சில பெரிய லொறிகளின் துண்டு ரிம்கள் காற்றடிக்கும்போது தெறித்து ஆட்களைக் கொன்றிருக்கின்றன. பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது, அதைச் சுவாசித்தது பிள்ளைகள். 1960களிலும் 1970களிலும் வந்த புகைக் கட்டுப்பாடும் பாதுகாப்புச் சட்டங்களும் தேவையானவை.

பிழை வேறு இடத்தில் நடந்தது. வாகனத்துக்குள் கணினி வந்தபோது திறப்பு கம்பனியின் கைக்குப் போனது. 1996 மொடலில் இருந்து அங்கே எல்லாக் கார்களிலும் சிறு லொறிகளிலும் பழுதைச் சொல்லும் பொதுவான கணினி இணைப்பு கட்டாயமானது. அது நல்ல விஷயம். ஆனால் மென்பொருளைத் தொடுவதே பதிப்புரிமை மீறல் என்ற வாதமும் கூடவே வந்தது. தன் பணத்தில் வாங்கிய டிரக்டரைத் தானே திருத்த விவசாயிக்கு அனுமதி தேவைப்பட்டது. மசச்சூசெட்ஸ் மக்கள் 2012இல் வாக்களித்து வாகனம் திருத்தும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். 2015இல் வாகன மென்பொருளுக்குப் பதிப்புரிமை விலக்கு கிடைத்தது. 2023இல் விவசாய இயந்திரங்களுக்கான திருத்தும் உரிமையை கொலராடோ மாநிலம் சட்டமாக்கியது. தாத்தா யாரிடமும் கேட்காமல் செய்த வேலையைச் செய்ய, பேரன் சட்டமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

இப்போது நம் பக்கம் பார்ப்போம். பெற்றார் சந்திப்புகளில் ஆசிரியர்கள் நாங்கள் கேட்டுப் பழகிய வசனம் ஒன்று உண்டு: "இவனுக்குப் படிப்பு ஏறாது சேர், கராஜில விடப்போறன்." படிப்பு முடிந்துபோன இடம்தான் கராஜ் என்பது இதன் பொருள். அந்த அமெரிக்கக் கிராமப் பாடசாலைகள் இரண்டையும் ஒரே கூரைக்குள் வைத்தன. பொயின்ட்டின் இடைவெளியை அளப்பது கணிதம். பெட்ரோல் ஏன் குழாயில் கொதிக்கிறது என்பது விஞ்ஞானம். நம்மிடமும் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு இருக்கிறது. அதற்குப் போகும் பிள்ளையை நாம் எந்தக் கண்ணால் பார்க்கிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள். நாளைக்கு மின்சார வாகனங்கள் நம் வீதிகளை நிரப்பும்போது, அவற்றைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இருப்பார்களா, அல்லது ஒவ்வொரு பழுதுக்கும் கொழும்புக்குத்தான் ஓடுவோமா என்பது அதில்தான் தங்கியிருக்கிறது.

வீட்டில் பிள்ளை ஒருவன் பழைய மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டிருந்தால் ஏசாதீர்கள். கழற்றிய ஒழுங்கிலேயே நட்டுகளை ஒரு தட்டில் அடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் எதற்கு என்று கேளுங்கள். மறுபடி பூட்டி முடிக்கும் வரை பக்கத்தில் இருங்கள். மகள் கேட்டாலும் அப்படியே.