மீந்த நூல்

நந்தனத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அண்ணன் மகள் தோடு பின்னிக்கொண்டிருந்தாள். தோடு என்றதும் பொன்னையோ கல்லையோ நினைத்துவிட வேண்டாம். வெறும் நூல். யாருக்கோ குழந்தைக் குல்லாய் பின்னி மீந்த சிவப்பு நூலும், மேஜை விரிப்பில் மீந்த வெள்ளை நூலும் பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. அவற்றோடு ஒரு குரோஷா ஊசி. முதல் அவ்வளவுதான்.

"ரொம்பச் சுலபம் அத்தை, நீங்களும் பழகலாம்" என்றாள்.

சுலபந்தான். முதலில் நூலில் ஒரு சுருக்கு. அதற்குள் ஊசியின் கொக்கியை விட்டு நூலை இழுத்தால் ஒரு கண்ணி. அந்தக் கண்ணிக்குள் இன்னொரு கண்ணி. இப்படியே போனால் சங்கிலி. ஆறு கண்ணிச் சங்கிலியின் கடைசியை முதலோடு சேர்த்தால் வளையம். வளையத்தைச் சுற்றிப் பின்னிக்கொண்டே வந்தால் ஒரு சிறு வட்டம். கெட்டிக் கஞ்சியில் நனைத்து, விறைப்பாகக் காயவைத்து, கம்பி மாட்டினால் தோடு! நீளச் சங்கிலிகள் நாலைந்தைச் சேர்த்து முடிந்தால் கழுத்துக்கு மாலை. நான் பின்னிய வட்டம் மட்டும் ஏனோ கோணல் முறுக்குப் போல வந்தது.

கல்லூரி விழாவில் கடை போடப் போவதாகச் சொன்னாள். ஜோடி என்ன விலை என்று கேட்டேன்.

"பத்து ரூபாய் போதும் அத்தை. நூல் மீந்த நூல். நேரமும் மீந்த நேரந்தானே?"

நூலைப் பற்றிச் சொன்னது சரி. நேரத்தைப் பற்றிச் சொன்னதுதான் என் மனசில் முள்ளாகத் தைத்தது. பெண்பிள்ளையின் விரல் நூலோடு கழிக்கும் நேரத்துக்கு 'மீந்த நேரம்' என்று பெயர் வைத்தது யார்? அந்த நேரத்துக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது.

குரோஷா என்ற சொல் பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கியைக் குறிப்பது. 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது கன்னிமாடங்களில் கற்ற இந்தக் கொக்கிப் பின்னல்தான் எத்தனையோ குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது. ஒரு ஊசியும் கொஞ்சம் நூலும் போதும் என்பதால் குடிசையில் இருந்தவர்களும் பழகிக்கொண்டார்கள். சீமாட்டிகளின் கழுத்துப்பட்டிகளில் பூத்த நூல் ரோஜாக்கள் பசித்தவர்கள் பின்னியவை.

அயர்லாந்துக்குப் போவானேன்? நம் நாகர்கோவிலிலேயே அதற்கு முன்பே நூல் பேசியிருக்கிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் தம் மனைவி மார்த்தாவுடன் 1819-ல் அங்கே வந்தார். சில ஆண்டுகளுக்குள் மார்த்தா அம்மாள் தம் பள்ளியில் இருந்த பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். இது குரோஷா அல்ல. அதற்கு மூத்த அக்காள். கெட்டியான திண்டின்மேல் மாதிரிப் படத்தை விரித்து, குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய பல குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. வாங்கியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்.

அன்றைய திருவிதாங்கூரில் மனிதர்களை விற்கவும் வாங்கவும் செய்தார்கள். நிலத்தோடு சேர்ந்து கைமாறிய குடும்பங்களின் பெண்களும் மார்த்தா அம்மாளிடம் வந்தார்கள். அவர்களில் சிலர் ரேந்தை பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. அங்கே அடிமை முறை ஒழிந்தது 1855-ல். சட்டம் வந்து கதவைத் திறப்பதற்கு முன்பே நூலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த பெண்கள் அவர்கள்! அவர்களுடைய பெயர்கள் நமக்கு எட்டவில்லை.

மால்ட் தம்பதியின் மகள் எலிசா 1844-ல் கால்டுவெல்லை மணந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினாரே, அவரேதான். கணவர் இடையன்குடியில் இலக்கணம் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, மனைவி அவ்வூர்ப் பெண்களுக்குத் தாய் வீட்டு ரேந்தையைக் கற்பித்தார். ஒப்பிலக்கணம் 1856-ல் அச்சேறியது. அதை எல்லோரும் அறிவோம். ரேந்தையை அறிந்தவர்கள் குறைவு.

தோட்டில் அல்லவா பேச்சைத் தொடங்கினோம்? அந்தத் திருவிதாங்கூரில் யார் என்ன அணியலாம் என்பதும் சாதிக்குச் சாதி விதிக்கப்பட்டிருந்தது. மேலாடை அணிந்த நாடார் பெண்களின் ரவிக்கையைத் தெருவில் கிழித்தார்கள்; பல ஆண்டுக் கலகத்துக்குப் பிறகு 1859-ல்தான் எல்லா நாடார் பெண்களுக்கும் ரவிக்கை அணிய அனுமதி வந்தது. புலையர் குலப் பெண்கள் பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது. கல்மணி மாலைதான் அவர்களுக்கு விதி. 1915-ல் அய்யன்காளியின் அழைப்பைக் கேட்டுக் கொல்லத்தில் கூடிய பெண்கள் அந்த மாலைகளை அறுத்துக் குவித்தார்கள். நகையை ஆசைப்பட்டு அணிவது ஒன்று. அடையாளமாகக் கழுத்தில் ஏற்றப்படுவது வேறொன்று. என் அண்ணன் மகள் நூல் தோட்டை விளையாட்டாக அணிகிறாள் என்றால், அந்த விளையாட்டுக்கு வேறு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள்.

இனி மீந்த நேரத்துக்கு வருகிறேன். ஆந்திரத்தில் மேற்குக் கோதாவரியில் நரசாபுரம் என்ற ஊர். அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீட்டுக்கு வீடு குரோஷா. அங்கேயும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் கொண்டுவந்த கைவேலைதான். ஒருத்தி பூ மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி பூக்களை இணைப்பாள், வியாபாரி கப்பலேற்றுவார். மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே தங்கி ஆராய்ந்து 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வீட்டு வேலை போக நாளெல்லாம் பின்னிய அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது, வயலில் கூலி வேலை செய்த பெண்ணின் சம்பாத்தியத்தைவிடக் குறைவு. ஏன்? அவர்கள் தொழிலாளிகள் அல்லவாம், குடும்பப் பெண்கள், சும்மா இருக்கும் நேரத்தில் பின்னுகிறார்களாம்! வியாபாரி அப்படிச் சொன்னார். வீட்டு ஆண்கள் அப்படிச் சொன்னார்கள். வெயிலில் இறங்காமல் உள்ளே உட்கார்ந்திருப்பதே கௌரவம் என்று அந்தப் பெண்களும் நம்பினார்கள். நரசாபுரம் ரேந்தைக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயருக்கு மதிப்பு வந்துவிட்டது. விரல்களுக்கும் வரவேண்டும்.

நாகர்கோவிலில் காசாக எண்ணப்பட்ட நேரம் ஒருத்தியை விடுவித்தது. நரசாபுரத்தில் எண்ணப்படாத நேரம் ஒருத்தியைக் கட்டிப்போட்டது. நூல் ஒன்றுதான், கணக்குத்தான் வேறு.

இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போயிற்று. அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஜோடியைத் தொடங்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். முடிக்க ஒரு மணிக்கு மேல் ஆயிற்று. பத்து ரூபாய் என்று எழுதியிருந்த அட்டையை எடுத்துத் திருப்பி வைத்து, மறுபக்கத்தில் எண்பது என்று எழுதினாள்.

விழாவில் பன்னிரண்டு ஜோடிகளில் ஏழு விற்றன. "நூலுக்கா இந்த விலை?" என்று ஒருவர் கேட்டாராம். "நூல் இனாம்தான் சார், மற்றதற்கு விலை" என்று சொன்னாளாம்.

என் கோணல் தோட்டை அவள் கடைக்கு எடுத்துப் போகவில்லை. அதற்கு நான் செலவிட்ட நேரத்தைக் கணக்கிட்டால் வைரத் தோட்டின் விலை ஆகிவிடும்!