கோடையும் குழந்தையின் கோடும்

வைகாசி பிறந்தவுடன் தலைநகரில் வாழும் நம் காலனிக் குடும்பங்களில் ஒரு கவலையும் உடன் பிறக்கிறது. பள்ளிகள் மூடப்படுகின்றன, பகலெல்லாம் அனற்காற்று வீசுகிறது. விடுப்புக் கிடைத்தவர்கள் குடும்பத்தோடு ஊருக்கு ரயிலேறிவிடுகின்றனர். கிடைக்காதவர் வீட்டுக் குழந்தைகள் ஒன்றரைத் திங்கள் நான்கு சுவர்களுக்குள் என்ன செய்வர்? இவ்வினாவிற்கு விடையாகப் பல இடங்களில் சிறுவர் ஓவியப் பயிற்சி முகாம்கள் கட்டணமின்றி நடைபெறுகின்றன.

சென்ற கோடையில் நம் காலனிப் பிள்ளைகள் சிலரை அத்தகைய முகாம் ஒன்றிற்கு அழைத்துச் சென்றோம். சிறுமி ஒருத்தி மாமரத்தை நீல வண்ணத்தில் தீட்டலானாள். அருகில் நின்ற நாம் வாளாவிருந்தோமா? இல்லை. “மரம் பச்சையல்லவா, அம்மா!” என்று சொல்லித் தூரிகையை வாங்கித் திருத்தினோம். படம் அழகாயிற்று, ஆயின் குழந்தை அதன்பின் தூரிகையைத் தொடவேயில்லை. அன்று நாம் செய்த பிழை புதியதன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அப்பிழையைக் களைய முயன்றோர் வரலாறும் உண்டு. அதனை இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

சென்ற நூற்றாண்டுகளில் சித்திரம் கற்பது என்றாலே பார்த்து எழுதுவது என்றுதான் பொருள். 1850இல் அலெக்ஸாந்தர் ஹன்ட்டர் என்னும் மருத்துவர் சென்னையில் கலைப்பள்ளியைத் தோற்றுவித்தார். கைவினைஞரின் திறனை வளர்ப்பது அதன் நோக்கம், அது நன்னோக்கமே. ஆயினும் அக்காலச் சித்திரக் கல்வி முறை, அச்சுப் படங்களையும் சுண்ணச் சிலைகளையும் கண்டு பிழையின்றிப் படியெடுப்பதையே அடிப்படையாகக் கொண்டது. அம்முறை பள்ளிகளுக்கும் பரவியபோது, குழந்தையின் கை வளர்ந்தது. கண்ணும் கருத்தும் பின்தங்கின.

இந்நிலையை மாற்ற முற்பட்டோருள் முதன்மையானவர் வியன்னா நகரத்து ஆசிரியர் பிரான்ஸ் சிசெக். மாணவப் பருவத்தில் அவர் ஒரு தச்சர் குடும்பத்தில் தங்கியிருந்தார். அவ்வீட்டுக் குழந்தைகள் யாரும் கற்பிக்காமலே வரைந்து மகிழ்வதைக் கண்டு வியந்தார். குழந்தையின் ஓவியம் பெரியவர் ஓவியத்தின் குறைவடிவமன்று, தனக்கெனத் தனி இலக்கணம் உடையது என்று தெளிந்தார். 1897இல் சிறுவர்க்கென ஓர் ஓவிய வகுப்பைத் தொடங்கினார். செல்வர் வீட்டுப் பிள்ளையும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளையும் அங்கு அருகருகே அமர்ந்தனர். முதல் உலகப் போர் முடிந்தபின், 1920இல் அக்குழந்தைகளின் படங்கள் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன. போரினால் வாடிய குழந்தைகளுக்கு நிதி திரட்டவும் அக்கண்காட்சி பயன்பட்டது. குழந்தை வரைந்த படம் குழந்தைக்குச் சோறிட உதவிய அச்செய்தி நெஞ்சை நெகிழச் செய்கின்றதன்றோ?

நம் நாட்டிலும் இவ்வெண்ணம் தனியே வேர்விட்டது. 1901இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கிய தாகூர், பாட்டையும் சித்திரத்தையும் மரநிழற் கல்வியின் பகுதியாக்கினார். 1919இல் அங்குக் கலாபவனம் எழுந்தது. நந்தலால் போஸ் அதனை வளர்த்தார். அவரிடம் பயின்ற தேவி பிரசாத் 1944இல் சேவாகிராமம் சென்று, காந்தியடிகளின் ஆதாரக் கல்விப் பள்ளியில் கிராமத்துக் குழந்தைகளுக்குக் கலை பயிற்றினார். கலை செல்வர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அப்பணியே சான்று.

இனி நாம் வாழும் தில்லிக்கு வருவோம். கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர், காயங்குளத்தில் பிறந்தவர். நம்மைப் போலவே தெற்கிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர். 1949இல் தம் வார இதழின் சார்பில் சிறுவர்க்கான ஓவிய, எழுத்துப் போட்டியை அவர் தொடங்கினார். அவ்வாண்டின் சிறுவர் சிறப்பிதழுக்கு நேரு குழந்தைகளை விளித்துக் கடிதம் எழுதினார். விரைவில் அப்போட்டிக்கு உலக நாடுகளினின்றும் படங்கள் குவியலாயின. 1957இல் சங்கர் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையை நிறுவினார். 1965இல் பொம்மைக் காட்சியகத்தையும் அமைத்தார்.

இதற்கிடையே 1956இல் நேருவின் ஆர்வத்தால் பால பவனம் தோன்றியது. துருக்மான் வாயிலருகே தொடங்கிப் பின்னர் கோட்லா சாலைக்கு இடம்பெயர்ந்தது. வண்ணம், களிமண், காகிதம் எனக் குழந்தை விரும்பியதை விரும்பியவாறு கையாளும் இடம் அது. இவ்வழியில் தேசிய நவீனக் கலைக்கூடமும் 2020ஆம் ஆண்டுக் கோடையில், நோய்ப்பரவல் காலத்தில், இணைய வழியாகக் கலைப் பயிற்சி நடத்தியது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கட்டணமில்லை என்பதனால் இவ்வகுப்புகள் மதிப்பற்றவையல்ல. பணம் இல்லாத காரணத்தால் ஒரு குழந்தையும் வெளியே நிற்றலாகாது என்று சான்றோர் எண்ணியதனால் அவை கட்டணமற்றவை. இலவசம்தானே என்று இருநாள் அனுப்பி மூன்றாம் நாள் நிறுத்துவது, அவ்வெண்ணத்தையே அவமதிப்பதாகும். இடம் வெறுமையாய்க் கிடந்தால் நாளை அவ்வகுப்பே நின்றுபோகும். இழப்பு நம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குமாம்.

அடுத்த நாள் அச்சிறுமியை வாயிலில் விட்டுவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். நண்பகலில் அவள் ஒரு தாளைக் கையிலேந்தி ஓடிவந்தாள். மாமரம் மறுபடியும் நீலமாகவே இருந்தது. ஏனென்று வினவினோம், விடியற்காலையில் அது அப்படித்தான் இருக்கும் என்றாள். மறுநாள் விடியலில் எழுந்து பார்த்தோம். அவள் சொன்னது மெய்யே.

ஆதலின் இக்கோடையில் நம் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். வண்டியில் இடமிருப்பின் அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் உடன் சேர்த்துக்கொள்வோம். வாயில்வரை நாம் செல்வோம். உள்ளே அவர்கள் செல்லட்டும். அவர்கள் கொணரும் படத்தில் பிழை காணுமுன், நாமும் ஒருமுறை மரத்தைப் பார்ப்போமாக.