தலைவரும் உறுப்பினரும்: மருத்துவக் கல்வியில் ஒரு சொல்லின் வரலாறு

எம்.பி.பி.எஸ். முடித்து வெளியே வருபவருக்கு 2019ஆம் ஆண்டின் புதிய பாடத்திட்ட விதிகள் ஐந்து பாத்திரங்களை வகுத்தன. நோய் பார்ப்பவர், சுகாதாரக் குழுவின் தலைவரும் உறுப்பினரும், பேசிப் புரியவைப்பவர், வாழ்நாள் முழுதும் கற்பவர், தொழில்நெறி பேணுபவர். இரண்டாவதில்தான் எனக்கு அக்கறை. தலைமை என்பது வகுப்பில் கற்றுத்தரக்கூடிய ஒரு திறமை என்று விதி எடுத்துக்கொள்கிறது. யாருடைய தலைமை, யார்மீதான தலைமை என்று கேட்க வேண்டுமானால் வரலாற்றுக்குள்தான் போகவேண்டும்.

சென்னை மருத்துவக் கல்லூரி 1835இல் ஒரு பள்ளியாகத் தொடங்கியபோது, தலைவர்களை உருவாக்குவது அதன் வேலையாக இல்லை. ஐரோப்பிய சர்ஜன்களுக்குக் கீழே உழைக்க, யுரேஷியர்களை அபோதிகரிகளாகவும் 'நேட்டிவ்'களை டிரஸ்ஸர்களாகவும் பழக்குவதே நோக்கம். கட்டுப்போடு, மருந்து கல, சொன்னதைச் செய். கீழ்ப்படிதல்தான் அங்கே எழுதப்படாத முதல் பாடம். இந்திய மருத்துவ சர்வீஸுக்கான போட்டித் தேர்வு 1855இல் இந்தியருக்கும் திறந்தது. ஆனால் தேர்வு நடந்த ஊர் லண்டன். கப்பலேற வக்கிருந்தவனுக்கே கதவு.

எங்கள் செட்டியார்பட்டிப் பக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவரிடம் இன்றைக்கும் "பெரிய டாக்டர் பாத்தாரா, சின்ன டாக்டர் பாத்தாரா?" என்றுதான் கேட்பார்கள். அதற்குக் கீழே கம்பவுண்டர், நர்ஸம்மா, கடைசியில் ஆயா. காலனியம் போட்ட படிக்கட்டு நம்முடைய சாதிப் படிக்கட்டின்மேல் எத்தனை வாகாக உட்கார்ந்துகொண்டது என்பதற்கு இந்தப் பேச்சே சாட்சி. பெரிய டாக்டர் எந்தத் தெரு, ஆயா எந்தத் தெரு என்று விசாரித்தாலே போதும்.

சென்னைப் பள்ளி கல்லூரியாக வளர்ந்த காலத்தில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வேறொரு முயற்சி நடந்தது. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். படித்தவர்கள் அரசு உத்தியோகத்தை நாடினார்கள். 1864இலிருந்து தமிழில் கற்பிக்கத் தொடங்கினார். கிராமத்தில் தங்குகிற வைத்தியர் வேண்டும் என்பது கணக்கு. 'இரண வைத்தியம்' (1867) போன்ற நூல்கள் அப்படி வந்தவை. அவருக்கு மிஷனரி நோக்கம் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வைத்தியன் எந்த மொழியில் கற்றான் என்பதே அவன் யாரோடு நிற்பான் என்பதைத் தீர்மானிக்கிறது என்ற அரசியல் அவருக்குப் புரிந்திருந்தது.

1946இல் ஜோசப் போர் குழுவின் அறிக்கை, மக்களை ஆரோக்கியத்துக்கு வழிநடத்தும் 'சமூக மருத்துவர்' பற்றிப் பேசியது. குறுகிய கால லைசென்ஷியேட் படிப்பை நிறுத்தி ஒரே பட்டம் போதும் என்றும் சொன்னது. கிராமத்துக்கு டாக்டர் எங்கிருந்து வருவார் என்று உறுப்பினர்கள் ஆறு பேர் மாறுபட்டார்கள். டாக்டர்களுக்குள் இருந்த மேல்கீழ் ஒழியவேண்டியதுதான். ஆனால் டாக்டருக்கும் நர்ஸுக்கும், நர்ஸுக்கும் ஆயாவுக்கும் நடுவிலிருந்த மேல்கீழ் அப்படியே நின்றது. 2019இன் 'தலைவர்' வந்து ஏறியிருப்பது இந்த மேடையில்தான்.

ஆகவே விதியின் பாதிச் சொல்லை மட்டும் படிப்பது ஆபத்து. 'உறுப்பினரும்' என்ற மறுபாதி இருக்கிறது. தவறான ஊசியை எடுக்கிற டாக்டரிடம் "சார், இது இல்ல" என்று நர்ஸ் சொல்ல முடிகிறதா, சொன்னால் அவர் நிற்கிறாரா? மருத்துவத் தலைமைக்கு இதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது. அங்கே போவது நோயாளியின் உயிர்.

2020இல் அரசுப்பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2022இல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஆயா வீட்டுப் பிள்ளையும் இனி அந்த வகுப்பில் உட்காரலாம். இதுவரை ஏவப்பட்டவர்களின் குரல் அவர்களுக்குத் தாய்மொழி. அந்தக் குரலைத் தலைமையின் பாடமாக்கப் போகிறோமா, இல்லை 'பெரிய டாக்டர்' ஆவதற்காக அதை மறக்கச் சொல்லிக்கொடுக்கப் போகிறோமா?