சமதளம்

கோயில் இடிந்தால் சரித்திரம் என்கிறோம். ஏரி தூர்ந்தால் துக்கப்படுகிறோம். ஒரு விமானத்தளம் மறைந்தால் நிலம் கைமாறிற்று என்பதோடு சரி. புறப்பட்டுப் போவதற்கென்றே ஏற்பட்ட இடத்தில் நினைவு எப்படித் தங்கும்? நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் இருந்த ரூஸ்வெல்ட் ஃபீல்டின் சரித்திரம் இந்தக் கேள்வியை எழுப்புகிறது.

அது ஹெம்ப்ஸ்டெட் சமவெளி. மரமில்லாத இயற்கைப் புல்வெளி. 1869-ல் ஏ. டி. ஸ்டூவர்ட் என்ற நியூயார்க் ஜவுளி வியாபாரி, பெரும் பல்பொருள் அங்காடியின் சொந்தக்காரர், இதில் 7,000 ஏக்கருக்கு மேல் வாங்கினார்; கார்டன் சிட்டி என்ற ஊரை நிர்மாணித்தார். மிஞ்சிய வெளிக்கு விமானம் வந்தது. 1909-ல் க்ளென் கர்டிஸ் இங்கே பறந்தார். 1911 ஆகஸ்டில், இங்கிருந்த பள்ளியில் பயின்ற ஹாரியட் க்விம்பி, விமானி உரிமம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்ணானார். முதல் உலக யுத்தத்தில் ராணுவம் இங்கே விமானிகளைத் தயாரித்தது. அவர்களில் ஒருவன் முன்னாள் ஜனாதிபதியின் கடைசி மகன் க்வென்டின் ரூஸ்வெல்ட். 1918 ஜூலை 14-ல் பிரான்ஸின் வானத்தில் சுடப்பட்டு இறந்தபோது அவனுக்கு வயது 20. தளத்துக்கு அவன் பெயர் வைத்தார்கள். ஆரம்பத்திலேயே அது நினைவுச் சின்னம்தான்.

1926 செப்டம்பரில் பாரிஸுக்குக் கிளம்பிய ரெனே ஃபாங்கின் விமானம் தரையை விட்டு எழாமலே ஓடுபாதையின் முடிவில் விழுந்து எரிந்தது; இருவர் இறந்தனர். எட்டு மாதம் கழித்து, 1927 மே 20 காலை, லிண்ட்பெர்க் அதே மண்ணிலிருந்து 450 காலன் பெட்ரோலோடு தனியாகக் கிளம்பி, ஈரத்தரையில் தடுமாறி, தந்திக் கம்பிகளை மயிரிழையில் தாண்டினார். 33½ மணி நேரத்தில் பாரிஸ். உலகம் பாரிஸில் இறங்கியதைக் கொண்டாடியது. கிளம்பிய இடம் அடிக்குறிப்பாயிற்று.

அடுத்த யுத்தத்தில் லாங் ஐலண்டின் க்ரம்மன், ரிபப்ளிக் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் போர்விமானங்கள் செய்தன. அங்கே வேலை செய்தவர்களுக்கும் போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்கும் வீடு தேவைப்பட்டது. 1947-க்கும் 1951-க்கும் இடையில் பக்கத்திலேயே லெவிட்டவுன் எழுந்தது: ஒரே அச்சில் வார்த்தாற்போல் 17,000-க்கு மேற்பட்ட வீடுகள். ஆரம்ப ஒப்பந்தங்களில் வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கக் கூடாது என்று ஒரு ஷரத்து. வேலைக்காரர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. ஆகாயத்துக்கு வேலி இல்லை என்று பெருமை பேசிய நிலத்தில் கறாரான வேலி விழுந்தது.

1951 மே மாதம் ரூஸ்வெல்ட் ஃபீல்ட் மூடப்பட்டது. 1956-ல் அங்கே பிரம்மாண்டமான கடைவளாகம் திறந்தது. வடிவமைத்தவர் ஐ. எம். பெய், பிரதானக் கடை மேசீஸ். அங்காடி வியாபாரி வாங்கிய சமவெளி, 87 வருஷம் சுற்றி, அங்காடிக்கே திரும்பிற்று. தெற்கே வேலி ஸ்ட்ரீமில், 1929 நவம்பரில் பெண் விமானிகள் கூடித் தங்கள் சங்கத்தைத் தொடங்கிய கர்டிஸ் ஃபீல்டுக்கும் அதே கதி: அங்கும் கடைவளாகம்.

இதைக் கலைக்கும் கச்சவடத்துக்கும் நடந்த சண்டை போலச் சொல்வது சுலபம். சுலபம் என்பதாலேயே சந்தேகிக்க வேண்டும். விமானத்தை அழைத்த குணமும் வீட்டையும் கடையையும் அழைத்த குணமும் ஒன்றேதான்: தட்டையான, தடையற்ற, நகரத்தை ஒட்டிய நிலம். தளத்தை விழுங்கிய புறநகரின் ஒரு பகுதி விமானத் தொழில் கொடுத்த சம்பளத்தில் எழுந்தது. புல்வெளியை அழித்தபோது யாரும் அழவில்லை, விமானிகளும் அழவில்லை. இன்று அந்தப் புல்லில் சில துண்டு நிலங்களே மிச்சம்.

1961-ல் மூடப்பட்ட அண்டைத் தளமான மிட்செல் ஃபீல்டின் கொட்டகைகளில் 2002-ல் விமானக் காட்சியகம் திறந்தார்கள். பொருள்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. பெயர் மட்டும் கடைவளாகத்தில் தங்கிவிட்டது. செருப்பு வாங்கப் போகிறவர்கள் 'ரூஸ்வெல்ட் ஃபீல்டுக்குப் போகிறோம்' என்கிறார்கள். தினம் ஆயிரம் வாய்கள் உச்சரித்தும் 20 வயதில் செத்த ஒருவன் யாருக்கும் நினைவு வருவதில்லை. பெயரைக் காப்பாற்றுவதும் மறப்பதற்கு ஒரு வழி.