பரிசாக வந்த மணி

இன்னைக்குக் கதை ஒரு குட்டி மணியைப் பற்றியது. ஐரோப்பாவில் வேட்டைக்குப் பழக்கின வல்லூறோட காலில் கட்டுற மணி.

1492-ல் கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் இறங்கினப்போ, அரவாக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த தைனோ மக்களுக்கு அவர் கொடுத்த பரிசுகளில் இதுவும் ஒண்ணு. அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

மூணே வருஷத்தில், ஹிஸ்பானியோலா தீவில் அதே மணி வரி வாங்குற அளவை ஆயிடுச்சு. தங்கம் கிடைக்கிற பகுதியில் 14 வயசு தாண்டின ஒவ்வொருத்தரும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை மணி நிறையத் தங்கம் கட்டணும். கட்டினவங்க கழுத்தில் அடையாள வில்லை. ஆனா ஆற்று மணலில் அவ்வளவு தங்கம் இல்லை. டேட்டாவே பார்க்காம போட்ட டார்கெட். எங்க ஆபீஸில் தவறவிட்டா அப்ரைசல் போகும், அங்கே தண்டனை.

பலர் வயலை விட்டு மலைக்கு ஓடினாங்க. பஞ்சம் வந்தது. அப்புறம் சுரங்கத்தில் கட்டாய வேலை. லட்சக்கணக்கில் இருந்ததா கணிக்கப்படுற மக்கள், 1514 கணக்கெடுப்பில் சுமார் 26,000 பேர்.

பெரியம்மை அந்தத் தீவில் பரவினது 1518 கடைசியில். ‘நோய் வந்துதான் அழிஞ்சாங்க’ன்னு காலேஜ் முடிக்கிற வரைக்கும் நம்பினேன். இந்த ரெண்டு வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்த பிறகு, அப்படிச் சொல்ல வாய் வரலை.