லயத்து அடுப்பில் தீபாவளி

கண்டியின் சரித்திரம் என்றதும் நம் நினைவுக்கு வருவன அரண்மனையும் போர்களும் பெரஹராவுந்தான். 1660இல் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டில் காலங்கழித்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், இந்நாட்டு மக்கள் என்ன உண்டார்கள், எப்படி உண்டார்கள் என்பதையும் தமது நூலில் எழுதி வைத்தார். பின்னாளில் அதே மலைகளில் குடியேற்றப்பட்ட தமிழ்த் தொழிலாளர் வருடத்தில் ஒருநாள் ஆக்கிப் படைத்து, உறவுக்கும் அயலுக்கும் பரிமாறிய தீபாவளிச் சோற்றுக்கு அப்படியொரு நொக்ஸ் வாய்க்கவில்லை. அந்தச் சோற்றின் சரித்திரத்தையே இன்று சற்றுக் கிளறிப் பார்க்கலாம்.

மலையகத்தில் பெரிய பண்டிகை எது என்று கேட்டால், தயங்காமல் தீபாவளி என்பார்கள். பேச்சில் அது ‘தீவாளி’. யாழ்ப்பாணத்தில் பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் உள்ள இடம் இங்கே தீபாவளிக்கு. ஏன் இப்படி என்று பலர் கேட்பதுண்டு. எனக்குத் தோன்றும் காரணம் இது: பொங்கல் வயலுடையவனின் பண்டிகை. அறுத்த நெல்லை அவன் சூரியனுக்குக் காட்ட வேண்டும். தேயிலைத் தொழிலாளிக்கு வயல் ஏது? அவன் அரிசி கப்பலில் வந்தது, தோட்டத்து ஸ்டோரில் அளந்து கொடுக்கப்பட்டது, சம்பளத்தில் கழிக்கப்பட்டது. தீபாவளிக்கு வயல் வேண்டாம். கடையும் கையில் காசும் இருந்தால் போதும். பொங்கலை அவன் விட்டுவிடவில்லை. எனினும் மனமும் செலவும் தீபாவளியின் பக்கமே சாய்ந்தன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1820களில் கம்பளையிலும் கன்னொறுவையிலும் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பருவகால ஆண் தொழிலாளர். மன்னாரிலிருந்து காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்து வந்து, அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். ஐப்பசியில் வரும் தீபாவளி அவர்களுக்குக் கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்தின் நடுவே வந்தது. மனைவி ஊரில், அடுப்பும் ஊரில்! 1867இல் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். அதற்குப் பெண்களின் கை வேண்டும். ஆகவே குடும்பமாக வந்து தங்கினார்கள். லயத்தில் அடுப்பு மூண்டது அப்போதுதான். குடும்பச் சமையலாக மலையகத் தீபாவளி தொடங்கியதும் அதனோடுதான் என்று கொள்வதில் தவறில்லை.

அடுப்பு என்றேனே, அது இருந்த இடத்தையும் சொல்ல வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா; அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு. படுப்பதும் பிள்ளை பெறுவதும் அங்கேதான்; பண்டிகைக்குப் பத்துப் பேருக்குச் சமைப்பதும் அங்கேதான்.

சமையலுக்கான திட்டம் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே பிரட்டுக்களத்தில் ஆரம்பித்துவிடும். ‘இந்த வருசம் எவ்வளவு அட்வான்ஸ்?’ என்பதே முதற் கேள்வி. தீபாவளி முற்பணம் தோட்ட நிருவாகம் கொடுக்கும் அன்பளிப்பு அன்று. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப்படும் கடன். கடன் இம்மக்களுக்குப் புதிதுமன்று. கங்காணி வழிச்செலவுக்குக் கொடுத்த முற்பணத்தோடுதான் அவர்கள் கடல் கடந்தார்கள். தொழிலாளியின் கடன்தொகையை எழுதிய ‘துண்டு’ அவனோடு தோட்டந் தோட்டமாகப் போயிற்று. 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. துண்டு போனாலும் செக்ரோலில் கழிவுகள் போகவில்லை. அரிசிக்கு, கோயிலுக்கு, டோபிக்கு, பார்பருக்கு, அவற்றோடு தீபாவளிக்கும். சென்ற வருடத்துக் கறியின் விலையை இந்த வருடத்துக் கொழுந்தில் கொடுத்து முடிப்பதற்குள் அடுத்த ஐப்பசி வந்துவிடும்.

தொகை தெரிந்ததும் பெண்கள் கணக்குப் போடுவார்கள். முதலில் பிள்ளைகளின் உடுப்பு. மிஞ்சுவதில் எண்ணெய், உளுந்து, சர்க்கரை, தேங்காய். கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் மடுல்கலையிலிருந்தும் பஸ் ஏறிக் கண்டி நகரத்துக்கு வருவார்கள். அந்த நாட்களில் கண்டிக் கடைத்தெருவில் நடந்தவர்களுக்குத் தெரியும்: கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கடை ஏறுவோரும் உண்டு, கடை முடிந்து மிச்சக் காசோடு பிள்ளையாரிடம் போவோரும் உண்டு. பாவம், அவருக்குக் கிடைப்பது சில்லறைதான்.

பலகாரம் சுடுவது இரவில். பகலெல்லாம் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்தவள், இரவில் உரலில் அரிசி இடிப்பாள். கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு அடுப்பில் எரியும். முறுக்கு, அதிரசம், பயத்தம் உருண்டை, வடை. அடுத்த காம்பராவுக்காரி வந்து மாவு பிசைய, இவள் போய் அவளுக்கு முறுக்குப் பிழிய, லயம் முழுவதும் ஒரே சட்டியாகிவிடும். இந்த உழைப்பு எந்தச் செக்ரோலிலும் ஏறியதில்லை. ஏறிய உழைப்புக்கும் அவளுக்குக் குறைவாகவே கிடைத்தது: குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின்படி 1929இல் மலைநாட்டில் ஆணுக்கு நாட்கூலி 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். சமசம்பளம் 1984இல்தான் வந்தது.

விடிந்தால் எண்ணெய் முழுக்கு; பின் இட்லியோ தோசையோ, அதற்கு ஆட்டுக்கறி. நாலைந்து குடும்பம் சேர்ந்து ஓர் ஆடு வாங்கிக் கூறு போட்டுக்கொள்வது வழக்கம். தீபாவளியன்று மாமிசமா என்று முகஞ் சுளித்த படித்தவர்களும் உண்டு. இறந்துபோன தாய் தகப்பனுக்குப் பிரியமானதை வைத்துப் படையல் போடும் நாள் அது என்பதை அவர்கள் எண்ணவில்லை. ஊரில் புதைக்கப்பட்ட பாட்டனும் தேயிலைக்கடியில் புதைக்கப்பட்ட தகப்பனும் வந்து உண்ணும் இலையில் கறி இல்லாமல் எப்படி?

அந்த இலையில் சோறு விழுந்ததன் அருமையும் நமக்கு முழுதாகத் தெரியாது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் இலங்கைக்கு வந்த அரிசி நின்றது, பங்கீடு வந்தது, கோதுமை மா வந்தது. ரொட்டி தோட்டத்தின் அன்றாட உணவாகியது அப்படித்தான். 1973, 74ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அந்த மாவும் குறைந்தது. தோட்டங்களில் மரணங்கள் பெருகின. அந்த ஆண்டுகளில் எத்தனை காம்பராக்களில் தீபாவளிக்கு அடுப்பு மூண்டிருக்கும்? மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை போல, இந்த அடுப்புகளின் கதைகளையும் யாரேனும் அன்றே தொகுத்திருக்கலாம்.

பந்தியில் ஆட்கள் குறைந்ததும் அந்தக் காலத்தில்தான். 1964 ஒக்டோபரில் ஒப்பமான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தது. அண்ணன் போக, தம்பி நிற்க, ஒரே காம்பரா இரண்டு நாடாகியது. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வந்தது. நீலகிரியில் குடியேறியவர்கள் அங்கே ‘சிலோன்காரர்’ ஆனார்கள். அங்கும் தேயிலை, அங்கும் தீபாவளி. படையலில் இலங்கையில் புதைத்தவர்களுக்கும் ஓர் இலை வேண்டியதாயிற்று.

விருந்து உறவோடு நின்றுவிடவில்லை. பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்குத் துணி மூடிய தட்டில் முறுக்கும் அதிரசமும் போகும். சித்திரையில் அதே தட்டில் கொண்டைப் பலகாரமும் கொக்கிஸும் திரும்பி வரும். வெறுந் தட்டைத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்பது இரு பக்கத்துக்கும் தெரியும். கலவர காலங்களில் தட்டுகள் போகாத வருடங்களும் இருந்தன. பின்னர் யார் முதலில் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதைப் பழைய பெண்கள் சரியாகச் சொல்வார்கள்.

இன்று ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை அருங்காட்சியகமாக நிற்கிறது. கண்டித் தோட்டங்களின் பிள்ளைகள் பலர் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கு முதல்நாள் மாலை அவர்கள் நெருக்கியடித்து ஏறும் கண்டி பஸ் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்பதைப் பொறுத்தே இப்போது லயத்தில் உலை வைக்கப்படுகிறது. வருகிறவன் புரொயிலர் கோழியும் பாஸ்மதி அரிசியும் கொண்டு வருகிறான். பிரியாணி போடலாம் என்கிறான். ஆட்டுக்கறிக்குக் கூறு சொல்லி வைத்திருக்கும் பாட்டி, படையலுக்கு அது கட்டாயம் வேண்டும் என்கிறாள். இரண்டும் அடுப்பேறுகின்றன.