ஒருநாட் போராட்டமும் தொடர் அமர்வும்: இலங்கை வரலாற்றிலிருந்து ஓர் ஒப்பீடு

மக்கள் தம் கோரிக்கைகளை ஆட்சியாளர் முன் வைப்பதற்குக் கையாண்டுள்ள வடிவங்களுள் இரண்டு இக்கட்டுரையில் ஒப்புநோக்கப்படுகின்றன. ஒன்று, சில மணி நேரமோ ஒரு நாளோ நடந்து கலையும் பொதுக்கூட்டம், ஊர்வலம், கதவடைப்பு முதலியன. மற்றையது, ஓரிடத்தைக் கைக்கொண்டு, கோரிக்கை நிறைவேறும்வரை அகலாதிருக்கும் தொடர் அமர்வு. 2022ஆம் ஆண்டிற் காலிமுகத்திடலில் நிகழ்ந்த எழுச்சியின் பின்னர், முன்னையது வெறுஞ்சடங்கென்றும் பின்னையதே பயன்தருவதென்றும் அடிக்கடி கூறப்படுகின்றது. இக்கருத்துக்கு ஓரளவு ஆதாரமுண்டு. எனினும் 1953 முதலான வரலாற்றை நோக்குமிடத்து, போராட்டமொன்றின் வலுவை அதன் கால அளவு மாத்திரம் தீர்மானித்ததில்லை என்பது புலனாகும். அது அரசின் எந்த அலுவலை நிறுத்தியது, எவருடைய ஆதரவை ஆட்சியாளரிடமிருந்து பிரித்தது என்பனவே முதன்மையான வினாக்களாகும்.

ஒருநாட் கூட்டத்தின் பலவீனத்தை 1956 யூன் 5இல் நிகழ்ந்த சத்தியாக்கிரகம் தெளிவாகக் காட்டும். பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா சிங்களத்தை மாத்திரம் அரசகருமமொழியாக்கும் மசோதாவைச் சமர்ப்பித்த அன்று, எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சில நூற்றுவர் காலிமுகத்திடலில் அமர்ந்தனர். பாராளுமன்றம் அப்போது அதன் அருகேயே இருந்தது. காடையர் அவர்களைத் தாக்கினர். பொலிஸார் தடுக்க முன்வரவில்லை. அ. அமிர்தலிங்கம் தலையிற் காயக்கட்டுடன் சபைக்குச் சென்றார். பத்து நாட்களின் பின், யூன் 15இல், 56க்கு 29 என்ற வாக்குகளால் மசோதா நிறைவேறியது. அமர்ந்தோரின் துணிவு ஐயத்துக்கு இடமில்லாதது. ஆயினும் அன்று காலிமுகத்திடலில் அவர்கள் இருந்தமையால் அரசாங்கத்தின் எந்தப் பணியும் தடைப்படவில்லை. அவர்கள் நீங்கியபின் ஆட்சியாளர் விடையளிக்க வேண்டிய தேவையும் எஞ்சவில்லை.

இதனைக் கொண்டு ஒருநாட் போராட்டம் அனைத்தும் பயனற்றதென முடிவுகட்டுதல் தவறாகும். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஹர்த்தால் இம்முடிபை மறுக்கின்றது. 1953 யூலையில் டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம், பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. இதனை எதிர்த்து இடதுசாரிக் கட்சிகள் ஓகஸ்ட் 12இல் நாடளாவிய கதவடைப்புக்கும் வேலைநிறுத்தத்துக்கும் அழைப்பு விடுத்தன. தமிழரசுக் கட்சியும் ஆதரவளித்தது. அது ஒரு நாளுக்கென்றே திட்டமிடப்பட்டது. ஆனால் மேற்குக் கரையோரத்திலும் தென்மேற்குக் கரையோரத்திலும் கடைகளும் வேலைத்தலங்களும் மூடப்பட்டு, வீதியும் புகையிரதப் பாதையும் மறிக்கப்பட்டதால், தலைநகரை இயக்கிய தொடர்புகள் துண்டிக்கப்பட்டன. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லாந்து என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஒக்டோபரிற் பிரதமர் பதவி விலகினார். ஒரு நாளே நடந்ததாயினும் அது கூட்டமாக மாத்திரம் அமையவில்லை என்பதே இங்கு கவனிக்கற்பாலது.

1958 ஏப்ரல் 9இல் நிகழ்ந்தது மற்றொரு வகையான சான்றாகும். அன்று பௌத்த பிக்குமார் சிலர் ஆதரவாளருடன் பண்டாரநாயக்காவின் றோஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் முன் அமர்ந்து, முந்திய ஆண்டு யூலையிற் கைச்சாத்திடப்பட்ட பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தத்தைக் கைவிடுமாறு கோரினர். அன்றைய தினமே பிரதமர் பணிந்தார். காலிமுகத்திடலில் அமர்ந்தோரும் சில நூற்றுவர். இங்கு அமர்ந்தோரும் சில நூற்றுவர். கால அளவிலும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் பின்னையோர் பிரதமரை ஆட்சிபீடத்தில் அமர்த்திய சமூக சக்திகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் விலகினால் அவரது ஆட்சியின் அடித்தளமே ஆட்டங்காணும். முன்னையோரிடம் அத்தகைய பிடி இருக்கவில்லை. எனவே, யார் அமர்கின்றனர் என்ற வினாவை விடுத்து, எவ்வளவு காலம் அமர்ந்தனர் என்பதை மாத்திரம் ஆராய்வது வரலாற்றை அரைகுறையாக விளங்கிக்கொள்வதாகும்.

தொடர் அமர்வின் வலுவும் வரம்பும் ஒருங்கே வெளிப்பட்டது 1961இலாகும். அவ்வாண்டு பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் தொடங்கிய சத்தியாக்கிரகம், மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா ஆகிய இடங்களுக்கும் பரவி எட்டு வாரங்கள் நீடித்தது. 1956இற் பெற்ற படிப்பினை இதிற் புலப்படுகின்றது. பாராளுமன்றத்தின் முன் அமர்வதை விடுத்து, அரசு நாள்தோறும் மக்களோடு தொடர்புறும் வாயிலிலே அவர்கள் அமர்ந்தனர். அரசாங்க அதிபரின் அலுவலகம் இயங்காவிடின் மாவட்ட நிர்வாகம் இயங்காது. நீண்ட அமர்வென்பதால் முறைவைத்து அமர்தல், உணவு வழங்கல், ஒழுங்கு பேணல் என்பன தேவைப்பட்டன. பெண்கள் பெருந்தொகையாகப் பங்குபற்றினர். கிழக்கில் முஸ்லிம் மக்களும் இணைந்தனர். ஒருநாட் கூட்டத்திற் கேட்போராக இருந்தவர்கள் இங்கு ஒழுங்கமைப்போராயினர்.

இவ்வளர்ச்சியின் உச்சமாக, ஏப்ரல் 14இல் தமிழரசுக் கட்சி தனது தபாற்சேவையைத் தொடங்கி முத்திரைகளை வெளியிட்டது. நிர்வாகத்தை மறித்தவர்கள் நிர்வாகத்தின் ஒரு பணியைத் தாமே ஏற்க முயன்றனர். மாத முற்பகுதியில் நீதி அமைச்சர் சாம் பி. சி. பெர்னாண்டோவுடன் நடந்த பேச்சு ஏற்கெனவே பயனின்றி முடிந்திருந்தது. ஏப்ரல் 17 இரவு அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. இராணுவம் அமர்ந்திருந்தோரை அகற்றியது. தலைவர்கள் பனாகொடை முகாமிற் பல மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டனர். கச்சேரியை மறித்தமையால் வடக்கு கிழக்கு நிர்வாகம் தடைப்பட்டது. ஆனால் கொழும்பின் துறைமுகமும் வங்கிகளும் தொழிற்சாலைகளும் தடையின்றி இயங்கின. தென்னிலங்கை நகர்ப்புறத் தொழிலாளர் இக்கோரிக்கைக்காக வேலைநிறுத்தம் செய்யவில்லை. 1953இல் இருந்த பரந்த இணைவு 1961இல் இருக்கவில்லை. அமர்வு எத்துணை ஒழுங்குடையதாயினும், தனிமைப்பட்டவிடத்து அரசு காத்திருந்து படையை அனுப்ப இயலும் என்பதே இதன் படிப்பினையாகும்.

2022 நிகழ்வுகளையும் இவ்வெளிச்சத்திலேயே நோக்குதல் தகும். மார்ச் 31இல் மிரிஹானையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் இல்லத்தருகே ஓரிரவு ஆர்ப்பாட்டம் நிகழ்ந்தது. ஏப்ரல் 9இற் காலிமுகத்திடலிற் கூடியோர் கலையாது தங்கினர். கூடாரங்கள், பொதுச் சமையல், மருத்துவ உதவி, நூலகம், விரிவுரைகள் என்பனவற்றோடு ‘கோட்டாகோகம’ உருவாயிற்று. எனினும் மூன்று மாதத் தங்கல் மாத்திரம் ஆட்சியை அசைத்ததெனக் கொள்வது பொருந்தாது. ஏப்ரல் 28இற் பொதுவேலைநிறுத்தமும் மே 6இல் ஹர்த்தாலும் நிகழ்ந்தன. மே 9இல் அலரிமாளிகையிலிருந்து வந்தோர் அமர்விடத்தைத் தாக்கிய அன்று மகிந்த ராஜபக்ஷ பிரதமர் பதவியைத் துறந்தார். யூலை 9இல், எரிபொருட் தட்டுப்பாட்டையும் மீறிப் புகையிரதங்களிலும் லொறிகளிலும் கால்நடையாகவும் வந்த பெருந்திரள் ஜனாதிபதி மாளிகையினுள் நுழைந்தது. யூலை 13இல் ஜனாதிபதி நாட்டை விட்டு வெளியேறி, மறுநாட் பதவி விலகினார்.

இங்கு இரு வடிவங்களும் ஒன்றையொன்று நிறைவு செய்தன. கலைந்து சென்றோர் மீண்டும் வந்து சேர்வதற்கு அமர்விடம் ஒரு முகவரியை அளித்தது. அமர்ந்திருந்த சிலருக்கு ஒருநாட் பெருந்திரள் அரணாயிற்று. அவ்வரண் நீங்கியதன் விளைவும் விரைவிலே தெரிந்தது. யூலை 20இற் பாராளுமன்றம் ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதியாகத் தெரிவு செய்தது. போராட்டக்காரர் ஜனாதிபதி செயலகத்தை ஒப்படைப்பதாக அறிவித்திருந்த 22ஆந் திகதியன்றே, விடியுமுன் படையினர் புகுந்து எஞ்சியிருந்தோரைத் தாக்கி அகற்றினர். கூடாரங்கள் அதே கூடாரங்கள்தாம். சூழ்ந்து நின்ற மக்களே இல்லாதிருந்தனர்.

இவ்வொப்பீட்டில் விட்டுவிட முடியாத இரு போராட்டங்கள் வடக்கில் 2017இல் தொடங்கின. சனவரி 31இற் கேப்பாப்பிலவில் மக்கள் தம் காணிகளைக் கோரி முகாமின் முன் அமர்ந்தனர். ஒரு மாதத்தில், மார்ச் 1இல், பிலவுக்குடியிருப்புக் காணிகள் விடுவிக்கப்பட்டன. பெப்ரவரி 20இல், கச்சேரிச் சத்தியாக்கிரகம் தொடங்கிய அதே திகதியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சியில் அமர்ந்தனர். 2022 ஓகஸ்டில் அவ்வமர்வு 2000 நாட்களைக் கடந்தது. விடை பெறாமலே பெற்றோர் பலர் மறைந்தனர். காணி, எல்லை குறித்து மீள அளிக்கத்தக்க ஒரு பொருள். பிள்ளைகள் எங்கே என்ற வினாவுக்கு அளிக்கும் விடையோ அரசைத் தன் செயல்களுக்குப் பொறுப்புக்கூற வைக்கும். வீதியோரத்து அமர்வு அவ்வரசின் எந்த அலுவலையும் நிறுத்தவில்லை. அரசுக்கு அத்தாய்மாரைப் புறக்கணிப்பதால் இழப்பேதும் நேரவில்லை.

காலிமுகத்திடலிற் கூடாரங்கள் எழுந்தபோது கிளிநொச்சி அமர்வு ஐந்தாண்டைக் கடந்திருந்தது. 2022 மே 18இற் காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் நினைவு கூரப்பட்டமை ஒரு தொடக்கமே. ஆயினும் தெற்கின் பெருந்திரள் அத்தாய்மாரின் கோரிக்கையைத் தன் கோரிக்கையாகக் கொள்ளவில்லை.

ஆகவே, குறுகிய கூட்டமா, நீண்ட அமர்வா என்று ஒன்றைத் தெரிவு செய்யும் வினாவாக இதனை முன்வைப்பது போதாது. கூட்டம் எண்ணிக்கையைத் தரும். அமர்வு நினைவையும் ஒழுங்கமைப்பையும் தரும். உழைப்பையும் நிர்வாகத்தையும் நிறுத்தும் ஆற்றலே அவ்விரண்டுக்கும் வலுவூட்டும். 1953இல் அவ்வாற்றல் ஒரே நாளில் வெளிப்பட்டது. 1961இல் அது வடக்கு கிழக்கோடு நின்றது. 2022இற் சில வாரங்கள் நாடளாவியதாய் இருந்து பின் கலைந்தது. வடக்கில் அமர்ந்திருப்போரின் கோரிக்கைக்காகத் தெற்கின் உழைப்பாளர் ஒரு நாளேனும் வேலையை நிறுத்திய வரலாறு நம்மிடம் இல்லை. அத்தகைய ஒரு நாளை உருவாக்குவதற்கான அரசியற் பணி எது என்பதே முற்போக்குச் சிந்தனையாளர் விடைகாண வேண்டிய வினாவாகும்.